நிக்காஹ்வின் மேல் நடந்த கால்கள்

கொழும்பிலிருந்து வந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். போர்க்காலத்தில் படம் பிடித்தவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறார். யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், எடுத்ததால் அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் படம். அந்த ஆண்டுகளில் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கல்முனைச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இந்தப் பக்கத்தில அப்ப வீடியோ கமரா யாரிட்ட சேர் இருந்தது?" என்று கேட்டார்.

"கலியாண வீடு எடுக்கிற ஆக்களிட்ட."

அவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும்.

பகிடி இல்லை. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் வந்தால் இரண்டு நாள் நிற்பார்கள், போய்விடுவார்கள். ஊரில் இருந்த கமராக்கள் எல்லாம் கலியாணத்துக்காக வாங்கப்பட்டவை. அவற்றில் ஒன்று என் நண்பனுடையது. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவனுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது, இன்றும் இருக்கிறது. அப்போது சுவரில் நீர்வீழ்ச்சி வரைந்த திரை தொங்கும். நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுக்காத மாப்பிள்ளை எங்கள் கரையில் குறைவு. இன்று அதே சுவரில் கடவுச்சீட்டுப் படத்துக்கான வெள்ளைத் துணி தொங்குகிறது.

நான் எழுதுகிறவன். சோதனைச்சாவடி வந்தால் குறிப்புப் புத்தகத்தை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். பேனா எல்லோரிடமும் இருப்பது. அவனுக்கு அந்த வசதி இல்லை. தோளில் ஏற்றி எடுக்கும் பெரிய கமரா அது. நூறு யார் தூரத்தில் பார்க்கிறவனுக்கு அது கமராவா, சுடுகிற சாமானா என்று தெரியாது. வடக்கே ஒரு ஊரில் எங்களுக்குத் தெரிந்த கலியாண வீடியோக்காரர் ஒருவர், கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு சந்தியைக் கடந்தவர், வீடு திரும்பவில்லை.

அதைக் கேள்விப்பட்ட பிறகு என் நண்பன் கமராவின் கைப்பிடியில் ஒரு ஜிகினா மாலையைச் சுற்றினான். மாப்பிள்ளைக்குப் போடுகிற, வெயிலில் மினுங்குகிற மலிவான மாலை. சட்டைப்பையில் நாலைந்து கலியாண அழைப்புக் காட் எப்போதும் இருக்கும். எங்கே மறித்தாலும் ஒன்றை எடுத்து நீட்டுவான். ஒருமுறை போன மாதத்துக் காட்டை நீட்டிவிட்டான். சிப்பாய் திகதியைக் காட்டிக் கேட்டபோது, "பொண்ணுக்குக் காய்ச்சல், பிந்திட்டுது" என்றான். அதை அரைகுறைச் சிங்களத்தில் சொன்ன விதத்துக்கே சிப்பாய் சிரித்துவிட்டான்.

அவனுக்கு இன்னொரு முறையும் இருந்தது. கலியாணத்தில் சாப்பாட்டை வேண்டுமென்றே நீட்டி எடுப்பான். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி இருந்து ஆட்கள் சோற்றைப் பிசைவதை இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் எடுப்பான். ஏனென்று கேட்டேன்.

"தான் சப்புறத ஆரும் திரும்பிப் பார்க்க மாட்டான் மச்சான். அந்த இடம் எனக்குரியது" என்றான்.

வெளியே ஏதாவது நடந்தால் கசட்டைப் பின்னால் சுற்றி, அந்தச் சாப்பாட்டின் மேல் பதிவு செய்வான். பிறகு கசட்டை யார் முதலிலிருந்து போட்டாலும் கலியாணம் ஓடும், கடைசியிலிருந்து போட்டாலும் கலியாணம் ஓடும். போர் நடுவில் இருக்கும். வீட்டுக்கு வந்து நடுப்பகுதியை வேறு கசட்டில் இறக்கிக்கொள்வான். கலியாண வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் பிரதியில் சாப்பாடு மூன்று நிமிடம்தான் இருக்கும். யாரும் முறையிட்டதில்லை.

இதையெல்லாம் சொன்னபோது கொழும்புப் பெண்ணின் பேனா நிற்கவில்லை. "அப்படி ஒரு ஒரிஜினல் கசட் இப்பவும் இருக்கா சேர்?" என்றார்.

இருந்தது. ஒன்று. அது வெளியே வந்தால் என் நண்பன் ஒரு பெண்ணின் முன்னால் போய் நிற்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாக அவன் அந்தப் பெண்ணின் தெருவால் போனதில்லை. அதனால் நான் உடனே பதில் சொல்லவில்லை.

அந்தக் கலியாணம் மருதமுனையில் நடந்தது. பெண்ணின் வாப்பா கரைவலைக்காரர். கடற்கரையில் வலை இழுப்பவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல். வீட்டுக்குள் ரகசியம் பேசினாலும் பக்கத்து வளவில் கேட்கும் என்பார்கள். ஒரே மகள். அவளுக்குக் கட்டிய வீட்டின் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. அந்த வீட்டு முற்றத்துப் பந்தலில்தான் நிக்காஹ்.

எங்கள் பக்கத்தில் நிக்காஹ் நடக்கும்போது பெண் சபையில் இருப்பதில்லை. உள் அறையில் இருப்பாள். சம்மதத்தை உள்ளே வந்து கேட்டுப் போவார்கள். வெளியே, ஆண்கள் நிறைந்த சபையில், வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளின் பேரைச் சொல்லி ஒப்புக்கொடுப்பார். அந்த நேரத்து வாப்பாவின் முகத்தை எந்த மகளும் நேரில் பார்த்தவள் இல்லை. வீடியோ வந்த பிறகுதான் பார்த்தார்கள். அதனால் கசட் கைக்கு வந்ததும் பெண்கள் முதலில் தேடிப் போடச் சொல்வது அந்த இடத்தைத்தான். என் நண்பனுக்கு அது தெரியும். நிக்காஹ்வுக்கு முன் ஓதும் குத்பா தொடங்கும்போது, கசட் ஓடிய அளவைக் காட்டும் கமராவின் கவுண்டரை அமத்திப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவான். பிறகு எங்கிருந்து சுற்றினாலும் பூச்சியத்தில் போய்த் தானாக நிற்கும். நிக்காஹ்வை ஒரு நொடியில் எடுத்துக் கொடுக்கலாம்.

அன்று பகல் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது நான் மோட்டார் சைக்கிளைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தினேன். சவளக்கடைக்கு அப்பால் ஷெல் விழுந்து சனம் கிட்டங்கிப் பாலத்தால் வருகிறது என்று செய்தி. கையைக் காட்டிக் கூப்பிட்டேன்.

"இன்னும் ரெண்டு சஹன் இரிக்கிடா" என்றான்.

"சாப்பாடு எங்கயும் போகாது. கெதியா வா."

அவன் வந்தான். பாண்டிருப்பைக் கடக்கும்போது கோயிலடியில் சனம் கூடி மேற்கே பார்த்துக்கொண்டு நின்றது. கல்முனையில் திரும்பி நற்பிட்டிமுனை வழியாகப் போனோம். பின்னால் இருந்தவன் மடியில் கமராவை வைத்துக் கசட்டைச் சுற்றினான். அவன் நினைத்தது சாப்பாட்டின் தொடக்கத்தை. கை போனது பூச்சியத்தில் நிறுத்தும் பழகிய பொத்தானுக்கு. சத்தம் நின்றதும், "சரி மச்சான், நிண்டுட்டு" என்றான். நான் இன்னும் வேகமாக விட்டேன்.

கிட்டங்கியில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒடுங்கிய பாதை. அதில் சனம் வந்துகொண்டிருந்தது. அவன் பாதையோரத்தில் குந்தி, கமராவை முழங்கால் உயரத்தில் பிடித்து எடுக்கத் தொடங்கினான். முகங்களை எடுக்கவில்லை. இந்தப் படம் யார் கையில் போய்ச் சேருமென்று தெரியாது, முகம் இருந்தால் நாளைக்கு அந்த முகத்தைத் தேடிக்கொண்டு போவார்கள் என்பது அவன் கணக்கு. அதனால் அவன் எடுத்தது கால்களை. ஒரு காலில் நீலச் செருப்பும் மற்றதில் கறுப்புச் செருப்பும் போட்ட பெண். சாரன் துண்டால் கட்டிய பாதம், அது வைத்த இடமெல்லாம் தாரில் ஈரமான சிவப்பு. கரியரில் தையல் மெஷினின் தலையைக் கட்டிய சைக்கிளின் சில்லு. மாடுகள். கோழி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்த கை, அதற்குக் கீழே ஒரு பிள்ளையின் வெறுங்கால்.

ஒரு சோடிக் கால்கள் நின்று கமராவின் பக்கம் திரும்பின.

"என்ன எடுக்கிறாய் தம்பி?"

"கால எடுக்கிறன் அண்ணன்."

"கால எடுத்து என்ன செய்யப்போறாய்? முகத்த எடு. நாங்க உயிரோட இருக்கிறம் எண்டு நாலு பேருக்குத் தெரியட்டும்."

என் நண்பன் கமராவை உயர்த்தவில்லை. அந்தக் கால்கள் சற்று நேரம் நின்றுவிட்டுப் போயின. அவன் செய்தது சரியா என்று நாங்கள் பல வருடம் பேசியிருக்கிறோம். முடிவு கிடைக்கவில்லை.

பத்தொன்பது நிமிடம் எடுத்தான். வரும் வழியில் மறித்தார்கள். ஜிகினா மாலை, கலியாணக் காட் இரண்டும் வேலை செய்யவில்லை. சிப்பாய் கமராவை வாங்கி, கண் வைத்துப் பார்க்கும் குழாயில் கண்ணை வைத்து, கசட்டை ஆரம்பத்துக்குக் கொண்டுபோகச் சொன்னான். அந்தக் குழாய்க்குள் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். மாப்பிள்ளை வந்தான், ரபான் அடித்தார்கள். உள்ளிருந்து பெண்கள் போட்ட குரவை சின்ன ஸ்பீக்கரில் கீச்சென்று கேட்டது. சிப்பாய் வேகமாக ஓட்டினான், நிறுத்தினான், பார்த்தான்.

"மே கவுத?" என்று கேட்டான். யார் இவர் என்று அர்த்தம்.

என் நண்பன் குழாயில் எட்டிப் பார்த்தான். "மாமா" என்றான்.

நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை அதில் பயம் மட்டும் இருந்தது. குழாயிலிருந்து கண்ணை எடுத்தபோது வேறொன்றும் சேர்ந்திருந்தது. என்னவென்று எனக்கு விளங்கவில்லை. படத்தில் வெள்ளைத் தொப்பியோடு பெண்ணின் வாப்பா மாப்பிள்ளைக்கு முன்னால் அமர்ந்துகொண்டிருந்திருக்கிறார். கவுண்டர் பூச்சியத்துக்குக் கிட்ட நின்றிருக்கிறது. இன்னும் சில நொடி ஓடினால் கால்கள் வரும்.

ஓடவில்லை. சிப்பாய்க்குக் கலியாணம் அலுத்துவிட்டது. கமராவைத் தந்து, போகச் சொன்னான். நாங்கள் தப்பியது அந்த மனிதர் உட்கார்ந்த நேரத்தில்.

இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோவில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். "மச்சான், நான் சாப்பாட்டுக்கு மேல எடுக்கல்ல. நிக்காஹ்வுக்கு மேல எடுத்திட்டன்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பேன். கெதியா வா என்று அவசரப்படுத்தியவன் நான்தான் என்பதை இருவருமே சொல்லவில்லை.

கால்களின் பிரதி ஒன்று கொழும்புக்குப் போனது. அங்கிருந்து எங்கே போனது என்று தெரியாது. பெண் வீட்டுக்கு, கமராவில் ஈரம் பிடித்து அந்தப் பகுதி கெட்டுப்போனது என்று சொல்லி, நடுவில் ரோசாப்பூவும் பாட்டும் போட்ட ஒரு பிரதியைக் கொடுத்தான். வாப்பா கடை வாசலுக்கு வந்து ஏசினாராம். அவனையல்ல, கமராவை. "புதுசா ஒண்டு வாங்கு மனே, இது ஒனக்கு உதவாது" என்றாராம். அதற்குப் பிறகு அவன் மருதமுனையில் கலியாணம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டான். அந்தத் தெருவில் எடுக்கவேயில்லை.

சுனாமி வந்த காலையில் அந்த வீடும் போனது, வாப்பாவும் போனார். ரோசாப்பூப் பிரதியும் அல்பங்களும் போயின. ஒரிஜினல் மட்டும் கல்முனையில், ஸ்டூடியோவின் மேல் தட்டில், பொலித்தீனில் சுற்றியபடி இருந்தது. மகளும் பிள்ளைகளும் தப்பி, இப்போது உள்ளே தள்ளிக் கட்டிய வீட்டில் இருக்கிறார்கள்.

இதைத்தான் நான் கொழும்புப் பெண்ணிடம் உடனே சொல்லவில்லை. அவரை நண்பனிடம் கூட்டிப்போனேன். அவன் அவரை நன்றாகக் கவனித்தான். தேநீர் வரவழைத்தான், பழைய ஜிகினா மாலையைக்கூட லாச்சியிலிருந்து எடுத்துக் காட்டினான். கசட்டைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் பூஞ்சணம் புடிச்சிப் போயிட்டு மகள்" என்றான். பிறகு வெளியே வந்து என்னிடம், "அவள்ற கலியாணம் அதுக்குள்ள இரிக்கி. அவள்ட்டக் கேக்காம இதக் குடுக்க ஏலுமா?" என்றான்.

"கேட்டுப் பார்ப்பம்."

"என்னண்டு கேக்கிற? ஒண்ட வாப்பாவ அழிச்சி இதத்தான் எடுத்தன், இத ஒலகத்துக்குக் காட்டட்டா எண்டா?"

"ஓம். அப்படித்தான்."

அவன் என்னை ஒரு தூசணத்தால் ஏசினான். மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "கொழும்புப் புள்ள நிக்கிறாவா, போயிட்டாவா?" என்றான். "நிண்டா வரச் சொல்லு. ஆனா முதல்ல பார்க்கிறது அவள்தான். எனக்கும் முந்தி. அவள் வேணாம் எண்டா கசட்ட அங்கயே வெச்சிட்டு வருவன்."

முச்சக்கர வண்டியில் கசட் போடும் பழைய டெக்கையும் தூக்கிக்கொண்டு மூவரும் போனோம். கரைவலைக்காரரின் மகளுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். என் நண்பனை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "கலியாணக் காக்காதானே? தலையெல்லாம் நரைச்சிட்டு" என்று அண்ணன் முறையில் அழைத்துச் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. இருக்கச் சொன்ன கதிரையில் இருக்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மழுப்பவில்லை. சோதனைச்சாவடியில் 'மாமா' என்று சொன்னதையும் சொன்னான்.

அவர் அவன் கையிலிருந்த கசட்டைப் பார்த்தார்.

"ஈரம் எண்டு சொன்னீங்களே காக்கா. மௌத்தாகும் வரைக்கும் எங்கட வாப்பா அந்த கமராவுக்கு ஏசினாரு. ஆர்ட வீட்டுக் கலியாணத்துல கமராவக் கண்டாலும், ஈரம் படாமப் பாருங்க எண்டுதான் சொல்லுவாரு. ஊரே சிரிக்கும்."

"ஓம் தங்கச்சி."

"மன்னிச்சிட்டன் எண்டு நான் சொல்லல்ல."

"சொல்ல வேணாம்."

"போடுங்க. பார்ப்பம்."

கொழும்புப் பெண் டெக்கிலிருந்து தன் மடிக்கணினிக்கு வயர் பூட்டினார். ஓடும்போதே பதிவாகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார். மாப்பிள்ளை வந்தான். இந்தத் தடவை நிறத்தோடு வந்தான். குரவை கேட்டது. பந்தல், மௌலவி, வெள்ளைத் தொப்பிகள். வாப்பா மாப்பிள்ளைக்கு முன்னால் அமர்ந்தார். அவர் முதுகை நிமிர்த்துவதற்குள் படம் கலங்கியது. தார் வீதியில் கால்கள்.

மகள் கால்களைப் பார்த்தார். முழுவதையும் பார்த்தார். சாரன் துண்டு கட்டிய பாதம் வந்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முகத்தை எடு என்று அந்தக் குரல் சொன்னபோது திரும்பி என் நண்பனைப் பார்த்தார். அவன் டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பச்சை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பத்தொன்பது நிமிடம் முடிந்து திரை இரைந்தது. பிறகு படம் திறந்தது. நிக்காஹ் முடிந்து சபை எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவரின் முதுகு. அது விலகியதும், முழுத் திரைக்கும் வாப்பா. சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே கமராவுக்கு வந்தார்.

"மனே, விடியக்குள்ள இருந்து நிக்கிறாய், இன்னும் சாப்பிடல்லியே. அதக் கீழ வெச்சிட்டு வந்து சஹனில குந்து."

ஏழு நொடி. கரைவலைக் குரல். டெக்கோடு வந்த பழைய ஸ்பீக்கர் அதிர்ந்தது.

கமராவைப் பார்த்து ஆட்கள் கதைப்பதைக் கலியாண வீடியோக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். அது தொழிலின் முதல் பாடம். வீட்டுக்குக் கொடுத்த பிரதியில் என் நண்பனும் வெட்டியிருக்கிறான். வெட்டியதையே மறந்திருக்கிறான்.

"திரும்பப் போடுங்க" என்றார் அந்தப் பெண்.

சாப்பாடு, அன்று பின்னேரம் திரும்பிப் போய் எடுத்த பெண்ணும் மாப்பிள்ளையும் என்று மீதியும் கணினியில் ஏறி முடிந்த பிறகுதான் திரும்பப் போட முடிந்தது. ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாம் முறை பின்னால் சுற்றும்போது இடம் தவறி மாடுகள் வந்தன. "மாடு வேணாம் காக்கா, வாப்பா" என்றார். அழுதுகொண்டே சிரித்தார்.

கொழும்புப் பெண் மெதுவாக அனுமதியைப் பற்றிக் கேட்டார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துவிட்டு யோசித்தார்.

"கால்கள போடுங்க. அந்த ஆள் கேட்டாரே, நாலு பேருக்குத் தெரியட்டும் எண்டு. முகம்தான் இல்ல, குரலாவது போகட்டும். ஆனா முடிஞ்ச ஒடன எங்கட வாப்பா வரணும். அத வெட்டப்படாது."

"வெட்ட மாட்டேன்" என்றார் கொழும்புப் பெண்.

"காக்கா, அண்டைக்கு சாப்பிட்டீங்களா?"

"இல்ல தங்கச்சி. இவன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்" என்று என்னைக் காட்டினான். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னான்.

அவர் எழுந்து உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. என் நண்பன் டெக்கின் முன்னால் குந்தி, கசட்டைச் சிறிது சிறிதாகப் பின்னால் சுற்றினான். யாரோ ஒருவரின் முதுகு விலகுகிற இடத்தில் நிறுத்தினான். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, பொத்தானைத் தேடி, கவுண்டரை அமத்திப் பூச்சியமாக்கினான்.